வெப்பத்துக்கு ஒரு வழி: மோட்டார் சைக்கிள் மின்சாரத்தின் கதை

பேர்மிங்ஹாம் நகரில் விளக்குகளும் மண்ணெண்ணெயும் விற்றுப் பிழைத்த ஜோசப் லூக்காஸ் என்பவர் 1879 ஆம் ஆண்டில் சைக்கிள் சில்லின் குடத்தில் தொங்கவிடக்கூடிய ஓர் எண்ணெய் விளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'வீதியின் அரசன்'. அவர் 1902 இல் காலமானார். அவரது பெயரைத் தாங்கிய நிறுவனமோ வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மின்சார உறுப்புகளை வழங்கும் நிலைக்கு உயர்ந்தது. அந்தக் காலத்தில் வண்டியோட்டிகள் அதே நிறுவனத்துக்கு இன்னொரு பட்டத்தை வழங்கினார்கள்: 'இருளின் இளவரசன்'. நடுவழியில் விளக்கு அணைந்து, இயந்திரமும் நின்று, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடுபோய்ச் சேர்ந்தவர்களின் கோபத்தில் பிறந்த கேலி அது.

வீதியின் அரசன் எவ்வாறு இருளின் இளவரசன் ஆனான் என்ற வினாவுக்குப் பல விடைகள் உண்டு. செலவைக் குறைக்கும்படி வண்டி உற்பத்தியாளர்கள் கொடுத்த நெருக்குதல், இயந்திரத்தின் அதிர்வு, மழைநீர், சரியாகப் பூட்டப்படாத வயர்கள் என அந்தப் பட்டியல் நீளும். ஆனால் அந்தப் பட்டியலில் அதிகம் பேசப்படாத ஒரு காரணம் இருக்கின்றது. அதுதான் வெப்பம். மோட்டார் சைக்கிளின் மின்சார வரலாற்றை ஒருவகையில் வெப்பத்தோடு நடந்த நீண்ட வழக்கு என்றே சொல்லலாம். பிரித்தானியரின் தொழில் வீழ்ந்து ஜப்பானியரின் கை ஓங்கிய பின்னரும் அந்த வழக்கு முடியவில்லை. நீதிபதி மாறினார், வாதி பிரதிவாதி மாறவில்லை. இன்றும் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ரொறொன்ரோவிலோ ஒருவரின் மோட்டார் சைக்கிள் பற்றரி இறங்கி வீதியோரம் நின்றுவிடுகின்றதென்றால், அதன் பின்னணியில் நூறு ஆண்டுகள் பழைமையான இந்தப் பகையே பல வேளைகளில் இருக்கின்றது.

அரக்கில் பிறந்த ஆபத்து

முதல் மோட்டார் சைக்கிள்களுக்கு மின்சாரமே தேவைப்படவில்லை. 1885 இல் கோற்லீப் டைம்லர் உருவாக்கிய மரச்சட்ட வண்டியிலும், 1894 முதல் விற்பனைக்கு வந்த ஹில்டபிராண்ட்–வொல்ப்முல்லர் வண்டியிலும் எரிபொருளைப் பற்றவைத்தது தணலாகச் சூடேற்றப்பட்ட ஒரு குழாய். ஆக, வெப்பம் அப்போது வேலைக்காரனாக இருந்தது. தீப்பொறியின் யுகம் தொடங்கிய பின்னரே அது எதிரியாக மாறியது.

ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில் இயங்கிய றொபேட் பொஷ்ஷின் பட்டறை 1897 இல் தனது மக்னெற்றோவை ஒரு முச்சக்கர மோட்டார் வண்டியில் பொருத்திக் காட்டியது. 1902 இல் அங்கு பணியாற்றிய கோற்லொப் ஹொனோல்ட் உயரழுத்த மக்னெற்றோவை நிறைவுசெய்தார். பற்றரி தேவையில்லை, இயந்திரம் சுழலும் வரை தீப்பொறி தானாகவே பிறக்கும். அக்காலத்துப் பற்றரிகளின் எடையையும் நம்பகமின்மையையும் அறிந்தவர்களுக்கு இது ஒரு பெரும் விடுதலை. 1914 இல் உலகப்போர் மூண்டபோது பிரித்தானியா தனக்கு வேண்டிய மக்னெற்றோக்களில் பெரும்பங்கை எதிரி நாடான ஜேர்மனியிலிருந்தே அதுவரை வாங்கிவந்தது என்ற உண்மை இலண்டனைத் திடுக்கிட வைத்தது. உள்நாட்டில் அவசரமாக வளர்க்கப்பட்ட மக்னெற்றோத் தொழிலில் லூக்காஸ் முன்னணி இடத்தைப் பிடித்தது.

மக்னெற்றோவின் உயிர் அதன் உள்ளே சுற்றப்பட்டிருக்கும் மயிரிழை போன்ற செப்புக் கம்பிச் சுருளில் இருந்தது. ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் காக்கும் பூச்சாக அரக்கைப் பயன்படுத்தினார்கள். இந்தியாவின் காடுகளில் பூச்சிகள் சுரக்கும் அரக்கு, பேர்மிங்ஹாம் தொழிற்சாலை வரை பயணம் செய்தது. குளிரில் உறுதியான காவலியாக நின்ற அந்தப் பொருள் சூடேறினால் இளகும். காலப்போக்கில் ஈரத்தையும் உறிஞ்சும். பாண்டவருக்குக் கட்டப்பட்ட அரக்கு மாளிகையின் கதையைப் படித்த நமக்கு இதன் முடிவை ஊகிப்பது கடினமல்ல.

பிரித்தானிய இரட்டை உருளை இயந்திரங்களில் மக்னெற்றோ உருளைகளுக்குப் பின்னால், காற்று நேரே படாத இடுக்கில் இருந்தது. எட்வேட் ரேணர் வடிவமைத்து 1937 இல் வெளிவந்த ட்ரயம்ப் 'ஸ்பீட் ருவின்' இந்த அமைப்புக்கு வழிகாட்டியது, ஏனையோர் பின்தொடர்ந்தனர். விளைவாக ஒரு விசித்திரமான நோய் தோன்றியது. காலையில் முதல் உதையிலேயே இயந்திரம் உயிர்பெறும். இருபது, முப்பது மைல் ஓடியபின் தயங்கும், பின் நிற்கும். எத்தனை தடவை உதைத்தாலும் அசையாது. வீதியோரம் அரை மணி நேரம் இருந்துவிட்டு உதைத்தால், ஒன்றுமே நடக்காதது போல மீண்டும் ஓடும். சூட்டில் காவலி தளர்ந்து மின்சாரம் குறுக்கு வழியில் ஒழுகியதும், பக்கத்திலிருந்த மின்தேக்கி சூட்டில் செயலிழந்ததும்தான் இதன் இரகசியம். குளிர்ந்த நிலையில் பட்டறையில் வைத்துச் சோதித்த திருத்துநர்கள், 'ஒரு குறையும் இல்லை' என்று சொல்லி வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். சூட்டில் மட்டும் தோன்றும் நோயைக் குளிரில் தேடியவர்களால் அது கண்டுபிடிக்கப்படவில்லை.

ஜூல் எழுதிய சட்டம்

மின்சாரம் ஏன் வெப்பத்தைப் பிறப்பிக்கின்றது என்பதை விளக்கியவர் ஆங்கிலேயரான ஜேம்ஸ் பிரெஸ்கொற் ஜூல். 1841 இல் அவர் வெளியிட்ட விதியின்படி, ஒரு கடத்தியில் பிறக்கும் வெப்பம் அதன் தடைக்கும் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதமானது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். ஒரு வயர் இணைப்பில் துரு ஏறி அதன் தடை ஓர் ஓமின் பத்தில் ஒரு பங்காக உயர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் ஊடாக 20 அம்பியர் பாய்ந்தால் அந்தச் சிறு இணைப்பில் மட்டும் 40 வாற்று வெப்பம் பிறக்கும். ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலின் வலு ஏறக்குறைய இவ்வளவுதான். விரல்நுனி அளவுள்ள பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு சூட்டுக்கோலை மணிக்கணக்கில் வைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும்.

இன்னொரு விதியையும் இங்கு குறிப்பிட வேண்டும். மின்மாற்றிகளின் காவலிகளை ஆராய்ந்த மொன்சிங்கர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1930 இல் ஒரு கணக்கை முன்வைத்தார். வெப்பநிலை ஒவ்வொரு 8 முதல் 10 பாகை உயரும்போதும் காவலியின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பதே அதன் சாரம். வெப்பம் பெரும்பாலும் ஒரேயடியாக எரிப்பதில்லை. ஆயுளைச் சிறுகச் சிறுக அரிக்கின்றது. இன்று எரிந்துபோன உறுப்பின் மரணம் ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கியிருக்கக்கூடும்.

மிகுதியை எங்கே கொட்டுவது?

1930களிலும் 1940களிலும் விளக்குக்கான மின்சாரத்தைத் தந்தது டைனமோ. லூக்காஸின் பெயர்பெற்ற 6 வோல்ற் டைனமோ 60 வாற்றுக்கு மேல் கொடுக்காது. கொடுப்பது குறைவாதலால் எரிப்பதும் குறைவு. தேவைக்கேற்ப அதன் காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சீராக்கிப் பெட்டியும் இருந்தது.

1953 இல் ட்ரயம்ப் நிறுவனம் ஸ்பீட் ருவினில் டைனமோவைக் கைவிட்டு லூக்காஸ் ஓல்டனேற்றரைப் பொருத்தியது. நிலைக்காந்தம் கொண்ட சுழலி, இயந்திரத்தின் சுழல்தண்டின் முனையிலேயே அமர்ந்தது. தேயும் தூரிகைகள் இல்லை, பராமரிப்பும் குறைவு. ஆனால் அதைச் சூழ்ந்த கம்பிச் சுருள்கள் சங்கிலிப் பெட்டியின் சூடான எண்ணெய்க்கும் ஓயாத அதிர்வுக்கும் நடுவே வாழவேண்டியதாயிற்று. பின்னாளில் அச்சுருள்களை முழுமையாகப் பிசினுக்குள் புதைத்து வார்க்கத் தொடங்கிய பின்னரே அவற்றின் ஆயுள் நீண்டது.

நிலைக்காந்த ஓல்டனேற்றரின் அடிப்படைச் சிக்கல் வேறு. நிலைக்காந்தத்தை அணைக்க முடியாது. இயந்திரம் வேகமாகச் சுழலச் சுழல மின்சாரம் பெருகிக்கொண்டே போகும். பற்றரி நிரம்பிய பின் வரும் மிகுதியை எங்கே கொட்டுவது? தொடக்கத்தில் விளக்கின் ஆளியோடு சேர்த்துச் சில சுருள்களை இணைத்தும் விலக்கியும் சமாளித்தார்கள். 1960களின் நடுப்பகுதியில் 12 வோல்ற் முறை வந்தபோது ஒரு புதிய தீர்வும் வந்தது. அதுதான் சேனர் இருவாயி. அமெரிக்க இயற்பியலாளர் கிளாரென்ஸ் சேனர் 1934 இல் விளக்கிய ஒரு மின்விளைவின் பெயரைத் தாங்கிய குறைகடத்திக் கருவி இது. அழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ற்றைத் தாண்டும்போது கதவைத் திறந்து, மிகுதி மின்சாரத்தைத் தன்னூடாக வண்டியின் சட்டத்துக்குப் பாய விடும். குளம் நிரம்பியதும் வான் பாய்வதைப் போன்றது இது. வித்தியாசம் ஒன்றுதான்: வான் பாய்ந்த நீர் வயலுக்குப் போகும், சேனர் பாய விட்ட மின்சாரம் முழுவதும் அந்த இடத்திலேயே வெப்பமாக மாறும்.

120 வாற்று ஓல்டனேற்றர் ஒன்றில், பகலில் விளக்கு எரியாதபோது தீப்பொறிக்குச் சுமார் 40 வாற்று போக மிகுதியான 80 வாற்று ஒரு சிறு குமிழ் அளவுள்ள கருவியின் தலையில் இறங்கும். ஆகவே அதை ஓர் அலுமினியக் கட்டியில் இறுகப் பூட்டினார்கள். 1968 மாதிரி ட்ரயம்ப் வண்டிகளில் செதில்கள் கொண்ட அந்த அலுமினியக் கட்டி முன்விளக்குக்குக் கீழே, எதிர்காற்று நேரே மோதும் இடத்தில் அமைக்கப்பட்டது. நோர்ட்டன் கொமாண்டோவில் கால்தாங்கியைச் சுமக்கும் பெரிய அலுமினியத் தகட்டிலேயே சேனர் அமர்ந்தது. இரண்டுமே நல்ல இடங்கள். 'இருளின் இளவரசன்' என்று கேலி செய்யப்பட்டவர்கள் இந்த ஒரு விடயத்தில் வெப்பத்தின் இயல்பை நன்றாகவே புரிந்திருந்தார்கள் என்பதை வரலாறு பதிவுசெய்ய வேண்டும்.

ஆனால் அதைப் புரிந்துகொள்ளாத கைகளும் இருந்தன. அழகுக்காக அலுமினியக் கட்டிக்கு வர்ணம் பூசியவர்கள், இருவாயிக்கும் கட்டிக்கும் இடையில் ஒரு வாஷரைச் செருகியவர்கள், கழற்றிய பின் தளர்வாகப் பூட்டியவர்கள் எல்லோரும் வெப்பத்தின் பாதையை அடைத்தார்கள். உலோகத்தோடு உலோகம் முழுமையாகத் தொட்டால்தான் வெப்பம் கடந்துபோகும். மயிரிழை அளவு காற்று இடைவெளியும் அதற்கு மதில்தான். சேனர் எரிந்தபோது பழி நிறுவனத்தின்மேல் விழுந்தது.

ஜப்பானியர் மறைத்த பெட்டி

1969 இல் ஹொண்டா சி.பி.750 வெளிவந்தபோது பிரித்தானியத் தொழிலின் அத்திவாரம் ஆடியது. அந்த வண்டியின் ஓல்டனேற்றரில் நிலைக்காந்தத்துக்குப் பதிலாக மின்காந்தச் சுருள் இருந்தது. தேவை குறைந்தால் சுருளுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் குறைத்து, உற்பத்தியையே குறைக்கலாம். மிகுதியே இல்லாதபோது கொட்டுவதற்கும் இடம் தேட வேண்டியதில்லை.

இருப்பினும் நிலைக்காந்த முறை எடை குறைந்தது, மலிவானது, இடமும் சிறிதே பிடிப்பது. ஆகவே பின்வந்த பெருந்தொகையான வண்டிகள் அதையே மேற்கொண்டன. சேனரின் இடத்தைச் சிலிக்கன் ஆளிகள் கொண்ட சீராக்கிப் பெட்டி பிடித்தது. அழுத்தம் எல்லையைத் தாண்டியதும் அது ஓல்டனேற்றரின் சுருள்களை ஒன்றோடொன்று குறுக்கே இணைத்துவிடும். மின்னோட்டம் பற்றரிக்குப் போகாமல் சுருளுக்குள்ளேயே சுற்றும்.

இங்கேதான் பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் ஓர் உண்மை இருக்கின்றது. இந்த முறையில் விளக்கை அணைப்பதால் ஓல்டனேற்றருக்கு ஓய்வு கிடைப்பதில்லை. விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் சுருள்களில் ஏறக்குறைய அதே மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். பயன்படாத பங்கு சுருளையும் சீராக்கியையும் சூடேற்றும். குறைந்த மின்சாரம் நுகரும் எல்.ஈ.டி. விளக்குகளை மாற்றிப் பூட்டிவிட்டு, 'சுமையைக் குறைத்துவிட்டேன்' என்று இன்று மகிழ்பவர்கள் பற்றரிக்கு உதவுகின்றார்கள். சீராக்கிக்கு உதவுகின்றார்கள் என்று சொல்ல முடியாது.

பற்றரியை நிரப்பும்போதும் வெப்பம் உண்டு. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் பாதையில் எந்நேரமும் இரண்டு இருவாயிகள் தொடராக நிற்கின்றன. இரண்டிலுமாக ஏறத்தாழ 2 வோல்ற் விரயமாகும். 20 அம்பியர் பாய்ந்தால் 40 வாற்று. இவ்வளவு வெப்பத்தைப் பிறப்பிக்கும் பெட்டியை 1980களிலும் 1990களிலும் வந்த பல வண்டிகளில் எங்கே வைத்தார்கள்? இருக்கையின் கீழே, பக்கமூடியின் பின்னால், பற்றரிக்கு அருகில். உடலழகுக்காக வண்டியைப் பிளாஸ்ரிக் கவசத்தால் போர்த்திய காலம் அது. பிரித்தானியர் எதிர்காற்றில் நிறுத்தி வைத்ததை ஜப்பானியர் அலுமாரிக்குள் பூட்டி வைத்தார்கள். சீராக்கி எரிந்தது, சில வேளைகளில் பற்றரியையும் கொதிக்க வைத்துவிட்டு எரிந்தது. ஓல்டனேற்றரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களின் இணைப்புப் பெட்டி கருகி உருகியிருப்பதைக் காணாத திருத்துநர் இருக்க மாட்டார். காலப்போக்கில் உற்பத்தியாளர்கள் பாடம் கற்றார்கள். செதில்கள் பெரிதாயின, பெட்டி மெல்ல மெல்லச் சட்டத்தின் முன்பக்கத்துக்கு, காற்றின் வழிக்குத் திரும்பியது. 1968 இல் எழுதப்பட்டிருந்த பாடம்தான் அது.

தொழில்நுட்பமும் உதவிக்கு வந்தது. 'மொஸ்பெற்' என்ற திரான்சிஸ்ரர் வகையைக் கொண்ட சீராக்கிகள் விரய அழுத்தத்தை வெகுவாகக் குறைத்தன. அதற்கும் அப்பால், தேவையில்லாதபோது சுற்றையே திறந்துவிடும் தொடர்வகைச் சீராக்கிகள் பரவலாயின. இவற்றில் சுருளுக்கும் உண்மையான ஓய்வு கிடைக்கின்றது. திறந்த சுற்றில் அழுத்தம் மிக உயரும் என்பதால் அதைத் தாங்கும் உறுப்புகள் வேண்டும், விலையும் கூடும்.

நமது வெயிலில்

இந்தக் கதையில் நமது நிலத்துக்கும் ஓரிடம் உண்டு. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து றோயல் என்பீல்ட் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டோர்ஸ் நிறுவனமும் 1955 இல் கைகோத்தன. சென்னையின் வடக்கே திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலையிலிருந்து புல்லட் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. ரெடிச் தொழிற்சாலை 1967 இல் மூடப்பட்டது. திருவொற்றியூரோ தொடர்ந்தது. குளிர்நாட்டில் பிறந்த ஒரு மின்சார அமைப்பு சென்னையின் சித்திரை வெயிலில் வாழப் பழகவேண்டியதாயிற்று.

அலுமினியச் செதில் தானாகக் குளிரை உண்டாக்குவதில்லை. தனக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையேயான வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டே அது வெப்பத்தை வெளியேற்றும். 15 பாகைக் காற்றில் 75 பாகையில் நிற்கும் அதே உறுப்பு, 40 பாகைக் காற்றில் ஏறத்தாழ 100 பாகையைத் தொடும். மொன்சிங்கரின் கணக்கை இதனோடு சேர்த்துப் பார்த்தால் காவலியின் ஆயுள் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகின்றது. இங்கிலாந்தில் இருபது ஆண்டு நின்ற சுருள் இங்கே ஐந்து ஆண்டில் போனால் அது திருத்துநரின் குற்றமல்ல.

பழைய புல்லட்டின் முன்விளக்குத் தலைப்பகுதியில் ஓர் அம்பியர்மானி இருந்தது. அதை அலங்காரம் என்று நினைத்தவர்கள் பலர். இயந்திரம் நின்ற பின்னும் திறப்பைத் திருப்பாமல் விட்டால், தீப்பொறி முனைகள் மூடிய நிலையில் நின்றிருக்குமானால், சுருளுக்குள் 3 அல்லது 4 அம்பியர் இடைவிடாது பாயும். சுமார் 40 வாற்று, ஒரு மூடிய தகரக் குடுவைக்குள். தேநீர் குடித்து வருவதற்குள் சுருள் தொடமுடியாதபடி கொதிக்கும். அம்பியர்மானியின் முள் இடப்பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கு அந்தச் செலவு நேர்ந்ததில்லை.

ஈழத்தில், 1990 இல் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போயிற்று. எரிபொருளும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. அக்காலத்தில் சைக்கிளின் சிறு டைனமோவை மிதித்துச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட குடும்பங்கள் ஏராளம். அந்த டைனமோ கொடுப்பது 6 வோல்ற், 3 வாற்று மட்டுமே. ஆனால் அதனிடம் ஒரு பெருங்குணம் இருந்தது. எவ்வளவு வேகமாக மிதித்தாலும் அதன் சுருளின் தூண்டல் இயல்பு மின்னோட்டத்தை அரை அம்பியரின் அருகே கட்டுப்படுத்திவிடும். சீராக்கிப் பெட்டியும் செதிலும் இல்லாமலே அது தன்னைத்தான் காத்துக்கொண்டது. மாற்று உறுப்பு வாங்க முடியாத ஊரில், எரிந்துபோகாத ஒரு கருவியின் பெறுமதியை அந்தத் தலைமுறை நன்கு அறியும்.

வரலாறு தரும் கைநூல்

இவ்வளவு கதையிலிருந்தும் பெறக்கூடிய நடைமுறைப் பாடங்கள் சிலவே. சீராக்கிப் பெட்டி காற்றுப் படும் இடத்தில் இருக்கவேண்டும். அதன் செதில்களில் சேறும் எண்ணெயும் படிய விடலாகாது. அது பூட்டப்படும் இடத்தில் வர்ணம் சுரண்டப்பட்டு, உலோகங்கள் இறுகத் தொடவேண்டும். நடுவே வெப்பம் கடத்தும் பசையை மெல்லிதாகப் பூசுவது நன்று. மூன்று மஞ்சள் வயர்களின் இணைப்பை ஆண்டுக்கொரு தடவையாவது கழற்றிப் பார்க்கவேண்டும். பச்சை படிந்தோ பழுப்பேறியோ இருந்தால் எரிவதற்கு முன்னரே மாற்றிவிடலாம். சட்டத்தோடு சேரும் புவித்தொடுப்பு வயரையும் மறக்கலாகாது. நெரிசலில் நின்று நின்று ஊரும் வண்டிக்கு எதிர்காற்று இல்லை என்பதையும், கூடுதல் விளக்குகளைப் பூட்டும்போது கூடுதல் மின்னோட்டம் பழைய மெல்லிய வயர்களின் ஊடாகவே பாய்கின்றது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய மோட்டார் சைக்கிள்களின் முன்விளக்கு, இயந்திரம் இயங்கும் வரை அணையாமல் எரியவேண்டும் என்பது விதியாயிற்று. இரவில் ஆளில்லாத வீதியில் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிச் செல்லும் ஒருவருக்கு அந்த விளக்கு வெறும் விதி அல்ல. அது அணையாதிருப்பது, பக்கமூடிக்குள் கண்ணில் படாமல் இருக்கும் உள்ளங்கையளவு பெட்டி தன் வெப்பத்தை வெளியேற்ற ஒரு வழி வைத்திருப்பதில் தங்கியிருக்கின்றது. அந்த வழியைத் திறந்து வைப்பது உற்பத்தியாளரின் கடமை. திறந்திருக்கின்றதா என்று மூடியைக் கழற்றிப் பார்ப்பது ஓட்டுபவரின் கடமை. ஒரு திருகாணிச் செலுத்தியும் பத்து நிமிடமும் போதும்.